ஃபேக்டரி வயசு

இந்தக் காலத்தில் சாவுக்கும் பிறந்தநாளுக்கும் ஒரே மாதிரி ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். அதே கூப்பிய கை, அதே மஞ்சள் பின்னணி, அடியில் வரிசையாகத் தபால்தலை அளவு முகங்கள். எவன் இருக்கிறான், எவன் போய்ச் சேர்ந்தான் என்று கிட்டே போய் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. அதுவும் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்றால் இல்லை. போபோடி சவுக்கில், நாலு ரோடு கூடுகிற இடத்தில், கட்டியிருந்த அந்த ஃப்ளெக்ஸின் ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்து, காற்று அடிக்கும்போதெல்லாம் துணி வாயைத் திறந்து மூடியது. ஒரு முடிச்சு போடத் தெரியாதவன் எல்லாம் கட்சி வேலைக்கு வந்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே சவரிமுத்து பால் பாக்கெட்டுடன் அதன் முன்னால் நின்றார்.

படத்தில் இருந்தது கட்சியின் வட்டாரத் தலைவர் ஏகாம்பரம். பார்த்தவருக்கு நெஞ்சு ஒரு முறை திக்கென்றது. மராத்தி எழுத்து சவரிமுத்துவுக்கு அரைகுறை. தமிழே அஞ்சாவதோடு சரி. எழுதி வைத்ததை அவர் எப்போதும் நம்பினதும் இல்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்தால் படத்தின் பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். விளக்கு இருந்தால் ஆள் போய்விட்டான். விளக்கு இல்லை. அப்படியென்றால் பிறந்தநாள். மூச்சு திரும்பி வந்த கையோடு எரிச்சலும் வந்தது. படத்தில் ஏகாம்பரத்துக்குத் தலை கன்னங்கரேலென்று இருந்தது. எந்தக் காலத்துப் போட்டோவோ. அப்பாவைவிடப் பெரிதாக, வெள்ளைக் குர்த்தாவில், மகன் தருண் சிரித்துக்கொண்டிருந்தான். தபால்தலைகளில் சவரிமுத்துவின் முகமும் ஒன்று. தன்னை யாரும் கேட்கவில்லையே, இந்தப் படம் எங்கே கிடைத்தது என்று அவர் யோசித்தார். பேரன் ஞானஸ்நானத்தில் எடுத்தது. பக்கத்திலிருந்த மருமகளின் தோளை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு துண்டு பச்சைப் புடவை மட்டும் மிச்சம் இருந்தது.

ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு லீலா வந்து நின்றாள். வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டே இருபது வருஷமாகக் கட்சிக்கு ஓடுகிறவள். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, வராத தண்ணீர் எதுவானாலும் அந்தச் சந்துகளில் ஜனம் முதலில் அவள் கதவைத்தான் தட்டும். அவள் முகமும் ஃப்ளெக்ஸில் இருந்தது, சவரிமுத்துவுக்கு இரண்டு முகம் தள்ளி. அதை அவள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விஷயத்தை அவள்தான் சொன்னாள். எழுபத்தைந்து முடிந்தவர்கள் பொறுப்பில் இருக்கக்கூடாது என்று மும்பையிலிருந்து கட்சி உத்தரவு போட்டிருக்கிறது. இன்று சாயங்காலம் தலைவருக்கு எழுபத்தைந்து. பிறந்தநாள் மேடையிலேயே வட்டாரத் தலைவர் பதவியைத் தருணிடம் கொடுத்துவிடப் போகிறார்கள்.

"மேல இருக்கறவனுக்கெல்லாம் வயசே ஏற மாட்டேங்குது. கீழ இருக்கறவனுக்குத்தான் பொறந்தநாள் வருது," என்றார் சவரிமுத்து.

லீலா சிரிக்கவில்லை. கணபதி சமயத்தில் தலைவர் அவள் கையைப் பிடித்து, அடுத்தது நீதாம்மா என்று சொன்னாராம். அதற்கப்புறம்தான் படுக்கையில் விழுந்தார். இப்போது தருணுக்குத்தான் என்று அவரே சொல்லிவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். அவளை உள்ளே விடுவதே இல்லை. போனால், தூங்குகிறார், எண்ணெய் மாலிஷ் நடக்கிறது, டாக்டர் வந்திருக்கிறார்.

"மாமா, உங்கள அவங்க தடுக்க முடியாது. இன்னிக்கி மேடையில தருண் தலையில அந்த ஃபேட்டாவ வெக்கப் போறதே நீங்கதான். ஒரு தடவ அவரு வாயால கேட்டுருங்க. தருண்னு சொன்னா நானே முன்னாடி நின்னு கை தட்றேன்."

"நீ சொல்றதுக்கு இன்னா சாட்சி? கைய புடிச்சாருன்ற. பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல மாமா."

"எல்லாரும் அவன் தனியாத்தான் சொன்னான்றீங்க. இருக்கறது ஒரு வாய்."

லீலா வண்டியைக் கிளப்பினாள். சந்தேகத்திலேயே பொறந்தீங்க மாமா நீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமா கிண்டலா என்று தெரியவில்லை. அவள் நல்லவள்தான். நல்லவளுக்கும் நாற்காலியில் உட்கார ஆசை இருக்கும்.

அந்த வட்டாரத்தில் அது ஒரு வழக்கம். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவனுக்கு மராத்திக்காரர்களைப் போலவே காவி ஃபேட்டா, ஜரிகைத் தலைப்பாகை. ஆனால் அதைத் தலையில் வைக்க வேண்டியது கட்சியில் வயதில் மூத்தவர். மூத்தவர் வைத்தால்தான் சந்துக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஏகாம்பரத்துக்கு வைத்த காதர் பாய் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது மூத்தவர் சவரிமுத்து. எழுபத்தேழு. தலைவருக்கே இரண்டு வயது அண்ணன் என்று மேடையில் சொல்வார்கள்.

அதுதான் பொய். அந்தப் பொய்யைப் பெற்றவர்களில் சவரிமுத்துவும் ஒருவர்.

இரண்டு பேரும் அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் கட்கிக்கு வந்தவர்கள். வெடிமருந்து ஃபேக்டரி வாசலில் ஆள் எடுத்தார்கள். வயது தாண்டினவனுக்கு இடமில்லை என்றார்கள். ஏகாம்பரத்துக்குத் தாண்டியிருந்தது. வரிசையில் நிற்கும்போதே அஞ்சு வருஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, இருபது என்றார். அதிகாரி ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற சவரிமுத்துவைக் கேட்டார், இவன் யார் என்று. என் தம்பி மாதிரி சார், எனக்கு ரெண்டு வயசு சின்னவன். வாயிலிருந்து தானாக வந்தது. அன்றையிலிருந்து மூன்று வயது மூத்த ஏகாம்பரம் தம்பி ஆனார், இளைய சவரிமுத்து அண்ணன் ஆனார். யாராவது பக்கத்தில் இருந்தால் ஏகாம்பரம், "அண்ணே, வாங்க போங்க" என்றே கூப்பிடுவார். ஃபேக்டரியிலிருந்து சவரிமுத்து முதலில் ஓய்வு பெற்றபோது, மாலை போட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டவரும் அவர்தான். ஆள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், இன்னாடா சவரி, அண்ணன கால்ல உழ வெச்சிட்டியே என்று விலாவில் குத்துவார். இரண்டே பேர் இருந்தால் டா. மூன்றாவது ஆள் வந்தால் அண்ணே. வீட்டுக்காரிகளுக்குக்கூட அது தெரியாது. நம் பொண்டாட்டிக்குத் தெரிந்தால் தண்ணிக் குழாய்க்குத் தெரிஞ்ச மாதிரி என்பார் ஏகாம்பரம்.

எண்பது வயது ஆளுக்கு எழுபத்தைந்து முடிந்தது என்று உத்தரவு போட்டு இறக்குகிறார்கள். எழுபத்தைந்து நிஜமாகவே முடிந்த வருஷத்தில், சந்து வீடுகளை இடிக்க வந்த புல்டோசருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தவர் அவர். அப்போது எந்த மூளைக்கு வயதாகியிருந்தது என்று கேட்கத் தோன்றியது. ஆனால் இப்போது அந்த மூளை எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. மழைக்கால முடிவில் பக்கவாதம் வந்ததிலிருந்து சவரிமுத்துவும் அவரைத் தனியாகப் பார்க்கவில்லை.

மத்தியானம் தருணே தேடி வந்துவிட்டான். ஹடப்சர் பக்கம் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அப்பா விழுந்ததும் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். காலைத் தொட்டான். தொட்டதுகூட முழங்காலோடு நின்றுவிட்டது. தமிழை அவன் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிப் பேசுவான். பப்பாவோட இச்சா இது, காகா, நீங்க வெச்சாத்தான் லோகம் மானும் என்றான், ஜனம் ஒத்துக்கொள்ளும் என்கிற அர்த்தத்தில்.

"நான் ஏகாம்பரத்த தனியா பாக்கணும். அவன் வாயால கேட்டுட்டுத்தான் ஃபேட்டாவ தொடுவேன்."

மறுப்பான் என்று எதிர்பார்த்திருந்தார். மறுத்திருந்தால் விஷயம் சுலபமாகியிருக்கும். தருண் உடனே, ஹோ காகா, அவஷ்ய, இப்பவே வாங்க என்று வண்டிக் கதவைத் திறந்தான். அவ்வளவு சுலபமாகத் திறந்த கதவை உள்ளும் புறமும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சவரிமுத்து ஏறினார்.

ஏகாம்பரத்தை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சவரம் செய்து, மீசைக்கு மை தடவி, ஃப்ளெக்ஸில் இருந்த ஆளின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற அளவுக்குச் செய்திருந்தார்கள். முகத்தின் இடது பக்கம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. இடது கண் இமை அடிக்கடி தானாக இறங்கி, மெல்ல ஏறியது.

"வாங்கண்ணே," என்றார் ஏகாம்பரம். குரல் குழறினாலும் புரிந்தது.

தருண் பக்கத்தில் நின்றிருந்தான். மூன்றாவது ஆள். அண்ணே சரிதான். சவரிமுத்து தருணை வெளியே இருக்கச் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் அவன் ஃபோன் மருந்து மேசையின் மேலேயே இருந்தது, கவிழ்த்து வைத்தபடி. வாசலில் கதவு சாத்தவில்லை. திரைச்சீலை மட்டும். மின்விசிறிக் காற்றில் அது ஆடியது. மின்விசிறிக் காற்றாகத்தான் இருக்க வேண்டும்.

நாற்காலியை இழுத்து முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

"ஏகா. உம்புள்ளைக்கு நான் ஃபேட்டா வெக்கணுமாம். நீ சொன்னியா?"

ஏகாம்பரம் அவரையே பார்த்தார். கடைவாயில் எச்சில் திரண்டது. சவரிமுத்து தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"சாப்ட்டீங்களாண்ணே," என்றார் ஏகாம்பரம்.

அறையில் இரண்டு பேர்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக, இரண்டு பேர் மட்டும் இருக்கிற இடத்தில் இந்த மனிதர் அண்ணே என்று சொன்னதில்லை. லீலா பேரையும் எடுத்துப் பார்த்தார் சவரிமுத்து. அவளுக்குச் சொன்னாயா, இவனுக்குச் சொன்னாயா. இரண்டுக்கும் ஏகாம்பரம் ஜன்னல் பக்கமே பார்த்தார். வெளியே பந்தல்காரர்கள் கம்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், வரும்போதே மடியில் கட்டிக்கொண்டு வந்த கேள்வியை எடுத்தார். இது ஒன்றுக்குப் பதில் வந்தால் போதும் என்று நினைத்திருந்தார். எண்பது என்றால் ஆள் உள்ளே இருக்கிறான்.

"உனக்கு இன்னா வயசுடா, ஏகா?"

"எழுபத்தஞ்சுண்ணே."

யோசிக்கவே இல்லை. வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அன்று எப்படி வந்ததோ, அப்படியே வந்தது. பிறகு இடது இமை மெல்ல இறங்கியது. மூடி, ஒரு கணம் நின்று, திறந்தது. வலது கண் அசையாமல் மருந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது, மாத்திரை டப்பா இருந்தது, கவிழ்ந்த ஃபோன் இருந்தது.

கண்ணடித்தானா? அல்லது அந்த இமை பாட்டுக்கு இறங்கினதா? காலையிலிருந்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த எண்ணா இது? அல்லது மூன்றாவது ஆள் அந்த மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறான், பார்த்துப் பேசு என்கிறானா? சவரிமுத்து எழுந்து போய் ஃபோனைக் கையில் எடுத்தார். திருப்பினார். கறுப்பாக இருந்தது. கறுப்பாக இருந்தால் கேட்காது என்று யார் சொன்னது? அதை இருந்த மாதிரியே வைத்தார். திரும்பி வருகிற நாலு எட்டுக்குள் இன்னொரு நினைப்பு வந்து, அவரைப் பாதியில் நிறுத்தியது. இவனுக்கு என் மேலேயே சந்தேகமோ? தருணோடு ஒரே வண்டியில் வந்து இறங்கினதை ஜன்னலிலிருந்து பார்த்திருப்பான். எனக்கு முன்னாலும் இவன் அண்ணேதான் போடுவான், நான் அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்துவிட்டால்.

"சவரிடா," என்றார், நாற்காலிக்குக் குனிந்து, காதோடு. "நான் சவரி. வேற யாரும் இல்ல."

ஏகாம்பரம் சிரித்தார். பாதி முகத்தால்.

சாயங்காலம் சவுக்கில் டோல் தாஷா மேளம் அடித்துக் காதைக் கிழித்தார்கள். ரோட்டை மறித்து மேடை போட்டிருந்ததில் பஸ்ஸெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. ஏகாம்பரத்தை நாற்காலியோடு தூக்கிவந்து நடுவில் வைத்து, மடியில் சால்வை போர்த்தினார்கள். கேக் வெட்டியாயிற்று. கத்தியைப் பிடித்த கைமேல் தருணின் கை இருந்தது. லீலா மேடையின் ஓரத்தில், பெண்கள் வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். சவரிமுத்து படியேறும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அதில் எதையும் காட்டவில்லை. காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

தட்டில் காவி ஃபேட்டாவை வைத்துக் கொடுத்தார்கள். ஜரிகை கனமாக இருந்தது. ஏகாம்பரம் அண்ணாவுக்கே அண்ணன், நம் எல்லோருக்கும் மூத்தவர், இரண்டு வார்த்தை பேசுவார் என்று மராத்தியில் அறிவித்து மைக்கை நீட்டினார்கள். கீழே போபோடிச் சந்துகளின் தமிழ் முகங்கள் பாதி, மராத்தி முகங்கள் பாதி. எல்லாரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். நிஜ வயதை இப்போது போட்டு உடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தார். அஞ்சு வருஷம் பொய்யாகப் பதவியில் இருந்தான் என்று அவன் பேரைத்தான் நாறடிப்பார்கள். அதற்காகத்தான் அவன் எழுபத்தைந்து என்றானோ என்னவோ.

"நான் பேசத் தெரியாதவன்," என்றார் தமிழில். "தருண்தான்னு அவரு சொன்னதா சொன்னாங்க. நேர்ல போய் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல. வயசு இன்னான்னு கேட்டேன். எழுபத்தஞ்சுன்னாரு. என் காதுல உழுந்தது அவ்ளோதான். அதுக்கு மேல யாராவது சொன்னா எனக்குத் தெரியாது."

தமிழ்ப் பக்கத்தில் ஒரு சலசலப்பு கிளம்பியது. அது என்னவென்று புரிவதற்குள் தருண் இன்னொரு மைக்கில் அதை மராத்தியில் சொல்ல ஆரம்பித்தான். சவரிமுத்துவுக்கு மராத்தி படிக்கத்தான் சரியாக வராது. காது நன்றாகவே கேட்கும். தமிழில் நாலு வாக்கியமாக இருந்தது மராத்தியில் நாற்பது ஆனது. அண்ணா தம் வாயாலேயே இவரிடம் சொன்னார், எனக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது, கட்சியின் உத்தரவை நானே முதலில் மதிக்க வேண்டும், இனிமேல் இளைஞர்கள் சுமக்கட்டும் என்று சொன்னார், சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மராத்திப் பக்கம் கை தட்டியது. தமிழ்ப் பக்கமும், ஏதோ தாங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பின்னாலேயே தட்டியது.

"அப்படி நான் சொல்லல," என்று சவரிமுத்து மராத்தியில் சொன்னார். மைக் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தது. டோல் ஆரம்பித்துவிட்டது.

தருண் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து நின்றான். கேமராக்காரன் ஃபேட்டாவைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினான். சவரிமுத்து அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். உச்சியில் முடி லேசாகக் கொட்ட ஆரம்பித்திருந்தது. பையன் கெட்டவன் என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. நல்லவன் என்று சொல்லவும் இல்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய், ஏகாம்பரத்தின் மடியில், சால்வைமேல் ஃபேட்டாவை வைத்தார்.

"உம்புள்ள. உனக்கு இஷ்டம்னா நீயே அவன் தலையில வெய்யி."

ஏகாம்பரத்தின் வலது கை ஃபேட்டாவைப் பற்றியது. இறுகப் பற்றியது என்றுதான் சவரிமுத்துவுக்குப் பட்டது, கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி. ஆனால் குழந்தைகூட மடியில் விழுந்ததைப் பற்றும். அடுத்த கணம் தருண் அப்பாவின் முழங்கால் முன்னே மண்டியிட்டுவிட்டான். அவன் முதுகு எல்லாவற்றையும் மறைத்தது. கை தானாகத் தூக்கியதோ, மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்களோ, அவன் எழுந்து திரும்பியபோது ஃபேட்டா தலையில் இருந்தது. அப்பா கையாலேயே வைத்த மாதிரி ஆகிவிட்டது. மூத்தவர் வைத்திருந்தால்கூட இவ்வளவு ஆரவாரம் வந்திருக்காது. லீலா முன்னால் வந்து நின்று கை தட்டினாள், காலையில் சொன்னபடியே. அவள் முகம் சவரிமுத்துவின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இப்படிச் செய்தார் என்று நினைத்துவிட்டாளோ. இல்லை, அவளுக்கும் ஏதாவது பேசி முடித்திருப்பார்களோ.

வடா பாவ் கொடுத்தார்கள். வேண்டாம் என்றார். படியிறங்கும்போது ஒரு தரம் திரும்பினார். ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்து வலது கையை உயர்த்திக்கொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை, அதை மட்டும் நன்றாகப் பார்த்தார். கும்பிடுகிறவர்கள் போய், பஸ்ஸுக்கு வழி விட்டுக் கூட்டம் கலைந்த பிறகும் அந்தக் கை அப்படியே நின்றது.

சவுக்கின் மறு கோடியில் காலையில் பார்த்த ஃப்ளெக்ஸ் இருந்தது. கயிறு இப்போது முழுக்க அவிழ்ந்திருந்தது. துணி ஒரு பக்கமாகச் சரிந்து மடிந்ததில், கறுத்த தலை ஏகாம்பரத்தின் இடது கண்ணை மடிப்பு மூடியிருந்தது. வலது கண் ரோட்டைப் பார்த்துச் சிரித்தது. சவரிமுத்து நின்றார். தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். கண் திறந்தது. விட்டார். மூடியது. இன்னொரு முறை இழுத்து, பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் யாரோ பேனரை அவிழ்க்காதே பாபா என்று மராத்தியில் கத்தினார்கள்.

"கட்டத் தெரிலன்னா இன்னாத்துக்குடா கட்றீங்க," என்றார் தமிழில், அந்தப் பக்கம் திரும்பாமலே. கயிற்றை விட்டுவிட்டு, ஸ்டேஷன் ரோட்டில் இறங்கி நடந்தார்.